கடைசி மூன்று அவுட்: மரியானோ ரிவேராவைப் பற்றி ஒரு விவாதம்

கேள்வி: 2024 அக்டோபர் 26, காலை 7.15

நேற்று இரவு அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் முதல் ஆட்டம் பார்த்தேன். பத்தாவது இன்னிங்ஸில் நியூயார்க் யாங்கீஸ் அணி பந்து வீச நெஸ்டர் கோர்டெஸை இறக்கியது. மனிதர் போட்டது இரண்டே பந்து. இரண்டாவது பந்தை டாட்ஜர்ஸ் அணியின் ஃப்ரெடி ஃப்ரீமன் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நாலு ரன் தருகிற ஹோம் ரன்) அடித்தார், ஆட்டம் முடிந்தது. இப்படி இரண்டு பந்து, பத்துப் பந்து, போனால் போகிறது என்று ஒரு இன்னிங்ஸ் வீசுகிற ரிலீஃப் பிட்ச்சர் (பாதியில் வரும் மாற்றுப் பந்து வீச்சாளர்) கூட்டத்தில் ஒருவர்தான் மரியானோ ரிவேரா. அவருக்கு பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் தேர்தலில் 100 சதவீத ஓட்டு. அந்தக் கால ஜாம்பவான் பேப் ரூத்துக்கே கிடைக்காதது. ஆட்டத்தைத் தொடங்கி ஆறு ஏழு இன்னிங்ஸ் கை வலிக்க வீசுகிற ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு, கடைசியில் வந்து மூன்று அவுட் எடுத்துக் கைகுலுக்கிவிட்டுப் போகிறவரை எதற்கு இப்படிக் கொண்டாடுகிறோம்?

அக்டோபர் 26, காலை 10.40

எத்தனை அவுட் என்று எண்ணினால் உங்கள் கணக்கு சரி. எந்த அவுட் என்று பார்த்தால் சரியில்லை. ஒரு அணி ஆட்டத்தில் 27 அவுட் எடுக்க வேண்டும், ஒன்பது இன்னிங்ஸில் மூன்று மூன்றாக. ஆறு ரன் முன்னிலையில் நாலாவது இன்னிங்ஸில் எடுக்கிற மூன்று அவுட்டும், ஒரு ரன் முன்னிலையில் கடைசியாக எடுக்கிற மூன்று அவுட்டும் காகிதத்தில்தான் ஒன்று. ஸ்டார்ட்டர் முதல் இன்னிங்ஸில் இரண்டு ரன் விட்டால் அவருடைய அணிக்கு அதைச் சரிசெய்ய எட்டு இன்னிங்ஸ் மிச்சம் இருக்கிறது. கடைசி இன்னிங்ஸை வீசி முடிக்க வருகிற க்ளோசர் விட்டால் அவ்வளவுதான், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ரிவேரா 1995 முதல் 2013 வரை 19 சீசன் ஆடினார், எல்லாம் யாங்கீஸ் அணிக்கே. 1,115 ஆட்டம், 652 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்ததற்கான கணக்கு). ஈ.ஆர்.ஏ. 2.21. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டு ரன்னும் கொஞ்சமும். அதுவே சீசன் முடிந்து நடக்கிற பிளேஆஃபுக்கு வந்தால் 0.70. நல்ல அணிகள் மட்டும் மிஞ்சியிருக்கிற அக்டோபர் மாதத்தில் எல்லோருக்கும் எண் ஏறும், இவருக்கு மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. 141 இன்னிங்ஸில் அவர் கணக்கில் ஏறிய எர்ன்ட் ரன், அதாவது ஃபீல்டிங் பிழையால் வராத ரன், 11. நிலவில் நடந்தவர்கள் 12 பேர். நிலவில் கால் வைத்தவர்களைவிட, பிளேஆஃபில் ரிவேராவிடம் அப்படி ரன் எடுத்தவர்கள் குறைவு.

அதுவும் கட்டர் என்ற ஒரே ஒரு வகைப் பந்தை வைத்துக்கொண்டு. என்ன வரப்போகிறது என்று பேட்டருக்குத் தெரியும், அரங்கில் இருக்கிற ஐம்பதாயிரம் பேருக்கும் தெரியும்.

அக்டோபர் 26, பிற்பகல் 2.05

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். 652 சேவ் என்று பெருமையாகப் போட்டுவிட்டேன், அங்கேதான் உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. சேவ் என்பது அவ்வளவு உறுதியான கணக்கு கிடையாது.

அது ஆட்டத்தோடு பிறந்த விதி இல்லை. ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் கொண்டுவந்தது. ரிலீவர்களின் வேலையை அளக்க ஒன்றுமே இல்லையே என்று யோசித்து உருவாக்கினார். 1969இல்தான் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ந்தது. மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலை இருக்கும்போது வந்து, ஒரு இன்னிங்ஸ் முழுக்க வீசி, ஆட்டத்தை முடித்தால் சேவ். மூன்று ரன் முன்னிலையோடு ஒரு இன்னிங்ஸைக் கடப்பது பெரிய காரியம் இல்லை, சுமாரான பிட்ச்சரும் பெரும்பாலும் செய்துவிடுவார். ஏழாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது வந்து இரண்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்கிறவருக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் கிடைக்காது. ஆட்டத்தைக் காப்பாற்றியது அவராகவே இருந்தாலும்.

ரிவேராவின் மிகச் சிறந்த வருடம் எது என்று என்னைக் கேட்டால் 1996 என்பேன். அந்த வருடம் க்ளோசர் ஜான் வெட்டலண்ட். ரிவேரா ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ் ஆள். 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 130 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், ஈ.ஆர்.ஏ. 2.09. சேவ் எண்ணிக்கை வெறும் ஐந்து. யாங்கீஸ் அந்த வருடம் 18 வருடத்துக்குப் பிறகு உலகத் தொடரை வென்றது. அந்த அணிக்கு எதிராக ஆடிய பேட்டர்களுக்குத் தெரியும்: ஆறு இன்னிங்ஸ் முடிந்து யாங்கீஸ் முன்னால் இருந்தால் ஆட்டம் அநேகமாக முடிந்த மாதிரிதான்.

எனவே 652ஐ ஓரமாக வைத்துவிடுங்கள். நான் மற்ற காரணங்களோடு வருகிறேன்.

அக்டோபர் 27, இரவு 9.30

"அப்படித் திறமை இருந்தால் ஸ்டார்ட்டராக ஆகியிருக்கலாமே" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகப் பார்த்தார், முடியவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ரிலீவர்களில் பாதிப் பேர் ஸ்டார்ட்டராக நிலைக்க முடியாதவர்கள்தான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். பனாமாவில் புவேர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவக் கிராமம். அப்பா மீன்பிடிப் படகில் கேப்டன். பிடிப்பது நம் ஊரில் மத்தி, சாளை என்று சொல்கிற மீன். பையன்கள் பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறை செய்து, பழைய வலையைச் சுருட்டி டேப் ஒட்டிப் பந்து செய்து, கடற்கரையில் அலை இறங்கும்போது ஆடினார்கள். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு ரிவேராவும் படகில் ஏறினார். 19 வயதில் அவர் வேலை செய்த 120 டன் படகு கவிழ, உயிர் பிழைத்து வந்தார். கடல் தொழில் வேண்டாம் என்று அப்போதுதான் முடிவு செய்தார். நான் நாகப்பட்டினம் பக்கம் பிறந்தவன். அந்த முடிவை எடுத்த பையன்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள், அவர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். இவர் பேஸ்பாலுக்கு வந்தார்.

அதுவும் பிட்ச்சராக இல்லை, ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கிற ஃபீல்டர்). உள்ளூர் அணியில் பிட்ச்சர் அடி வாங்கிய ஒரு நாள், நான் போடுகிறேன் என்று வந்து போட்டார். 1990 பிப்ரவரியில் யாங்கீஸ் சில ஆயிரம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. வேகம் 85, 87 மைல். அமெரிக்காவில் அந்த வேகத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் முதல் வருடம் கீழ்நிலை லீக்கான மைனர் லீக்கில் 52 இன்னிங்ஸ் வீசி அவர் விட்ட எர்ன்ட் ரன் ஒன்று. 1992இல் முழங்கை அறுவை சிகிச்சை. அந்த வருடக் கடைசியில் புளோரிடாவிலும் கொலராடோவிலும் இரண்டு புது அணிகள் உருவாகி மற்ற அணிகளிலிருந்து ஆட்களை எடுத்தபோது, யாங்கீஸ் அவரைப் பாதுகாப்புப் பட்டியலில் வைக்கவில்லை. இரண்டு அணியும் அவரைத் தொடவும் இல்லை.

1995 மே 23, முதல் பெரிய லீக் ஆட்டம், ஸ்டார்ட்டராக. நான்கு இன்னிங்ஸ்கூட முழுதாக நிற்கவில்லை, ஐந்து ரன், அணி 10-0 தோல்வி. அந்த வருடம் பத்து ஆட்டம் ஸ்டார்ட் செய்தார். சீசன் ஈ.ஆர்.ஏ. 5.51. டேவிட் வெல்ஸை வாங்க டெட்ராய்ட்டுக்கு அவரைக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்போது மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டு, தோள் வலிக்காகக் கொஞ்ச நாள் ஓய்வெடுத்தவர் பிறகு வீசினால், ரேடாரில் 95 மைல். பொது மேலாளர் ஜீன் மைக்கேல் கருவி கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து வேறு ஆளிடம் விசாரித்தார். கருவி சரியாகத்தான் இருந்தது. வியாபாரப் பேச்சு நின்றது. அடுத்த வருடமும் சியாட்டிலுக்கு ஃபெலிக்ஸ் ஃபெர்மின் என்ற ஷார்ட்ஸ்டாப்புக்குப் பதிலாக அவரைக் கொடுக்கலாமா என்று யோசித்தார்கள். டெரக் ஜீட்டர் என்ற புதுப் பையன் தாங்குவானா என்று பயம்.

ஆக, 26 வயது வரை அவரை வேண்டாம் என்று சொல்ல எல்லோருக்கும் காரணம் இருந்தது.

அக்டோபர் 28, காலை 8.10

கட்டர் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கிரிக்கெட்டின் லெக் கட்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது தரையில் பட்டுத் திரும்பும். இது காற்றிலேயே திரும்ப வேண்டும்.

பிட்ச்சரின் கையை விட்டதும் அது நேரான வேகப் பந்து மாதிரியே வரும். பேட்டர் அடிக்க முடிவெடுத்த பிறகு, கடைசிச் சில அடி தூரத்தில் சில அங்குலம் விலகும். வலது கை ரிவேரா வீசினால் இடது கை பேட்டரின் கைக்குள் வரும். பேட்டின் நடுவில் பட வேண்டிய பந்து, பிடிக்குப் பக்கத்தில் மெல்லிய இடத்தில் படும். பேட் உடையும். 1999 உலகத் தொடரில் அட்லாண்டாவின் ரயன் க்ளெஸ்கோ ஒரே முறை ஆட வந்து பேட் மேல் பேட்டாக உடைத்துக்கொண்டிருந்தார், அவருடைய சொந்த அணி பெஞ்சில் சிப்பர் ஜோன்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தார். இரண்டு கையாலும் ஆடத் தெரிந்த பேட்டர்கள் வலது கை பிட்ச்சருக்கு இடப் பக்கம்தான் நிற்பார்கள். ரிவேரா வந்தால் அவர்களில் சிலர் வலப் பக்கத்துக்கு மாறிவிடுவார்கள்.

அந்தப் பந்து எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. 1997 ஜூனில் சக வீரர் ரமிரோ மெண்டோசாவோடு சும்மா பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். மெண்டோசா ஒழுங்காகப் போடு என்று கோபப்பட்டார். ரிவேரா நேராகத்தான் போடுகிறார், பந்துதான் விலகுகிறது. பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மயரோடு சேர்ந்து பந்தை நேராக்கப் பல நாள் முயன்றார்கள். முடியவில்லை. கடைசியில் சரி, இப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதைக் கடவுள் கொடுத்தது என்றுதான் அவர் இன்று வரை சொல்கிறார். நடு விரல் அழுத்தம் என்று விளக்கமும் சொல்வார், ஆனால் கடவுள்தான் முதலில் வருவார்.

இங்கே ஒரு திருத்தம். "ஒரே ஒரு வகைப் பந்து" என்று முதல் பதிவில் எழுதினேன். 1996இல் அவரிடம் கட்டரே இல்லை. மேலே ஏறுகிற நேர் வேகப் பந்தை வைத்துத்தான் அந்த 130 பேரையும் அனுப்பினார். பின்னாளில் வலது கை பேட்டர்களுக்கு உள்ளே திரும்புகிற டூ-சீம் பந்தும் போட்டார். பெரும்பாலும் கட்டர் என்பது சரி. ஒரே பந்து என்பது கதையை அழகாக்க நாங்கள் சொல்லிச் சொல்லிப் பழகியது.

அக்டோபர் 29, நள்ளிரவு 12.50

தூக்கம் வரவில்லை, 2001ஐ எழுதிவிடுகிறேன். எப்படியும் யாராவது கேட்பீர்கள்.

நான் 2000இல் நியூயார்க் வந்தேன். வாஷிங்டன் ஹைட்ஸில் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு. அந்தப் பகுதி முழுக்க டொமினிகன் குடியரசிலிருந்து வந்தவர்கள். முடிவெட்டும் கடையில் எப்போதும் பேஸ்பால் ஓடும், கடைக்காரர்தான் எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். கத்தரியை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்ப்பார், நான் பாதி முடியோடு காத்திருப்பேன். அவருக்கு ரிவேரா என்றால் உயிர். தன் நாட்டுக்காரர் இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

நவம்பர் 4, ஞாயிறு இரவு. இரட்டைக் கோபுரம் விழுந்து இரண்டு மாதம் ஆகவில்லை. ஊரில் அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. அரிசோனாவில் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் அல்ஃபோன்சோ சொரியானோ ஹோம் ரன் அடித்து 2-1. ரிவேரா வந்தார், எட்டாவதில் மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். என் அறை நண்பர் அம்மாவுக்குப் போன் போட்டு ஜெயிச்சாச்சு என்று சொல்லிவிட்டார். அதுவரை பிளேஆஃபில் தொடர்ந்து 23 சேவ், ஒன்றுகூடத் தவறியதில்லை.

ஒன்பதாவது. மார்க் கிரேஸ் ஒரு சிங்கிள். டேமியன் மில்லர் பேட்டை வீசாமல் மெதுவாகப் பன்ட் தட்டினார். ரிவேரா ஓடிப் போய் எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தார், பந்து ஷார்ட்ஸ்டாப்பைத் தாண்டிப் போனது. பிட்ச்சிங் இல்லை, எறிதல். மீன்பிடிக் கிராமத்து ஷார்ட்ஸ்டாப் ஆயிரம் முறை எறிந்திருக்கக்கூடிய தூரம். அடுத்த பன்ட்டில் மூன்றாவது பேஸில் ஒரு அவுட் கிடைத்தது. டோனி வொமாக் டபுள் அடித்தார், 2-2. க்ரெய்க் கவுன்செல் மேல் பந்து பட்டது. பேஸ் மூன்றிலும் ஆள். ரன்னைத் தடுக்க இன்ஃபீல்டர்களை முன்னால் நிறுத்தினார்கள். லூயிஸ் கோன்சாலெஸ் அடித்தது நல்ல அடிகூட இல்லை. கட்டர் கைக்குள் வந்தது, பேட்டின் மெல்லிய பகுதியில் பட்டது, பந்து மெதுவாக எழும்பி ஜீட்டரின் தலைக்கு மேல் போய்ப் புல்லில் விழுந்தது. ஜீட்டர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் அது எளிய கேட்ச். பந்து தன் வேலையைச் சரியாகச் செய்தது, ஆட்டம் போய்விட்டது.

நாங்கள் மூன்று பேரும் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

நவம்பர் 12, திங்கள் காலை, ஜே.எஃப்.கே.யிலிருந்து சாண்டோ டொமிங்கோ கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 குவீன்ஸில் விழுந்தது. 265 பேர். எங்கள் தெருவில் ஒவ்வொரு கட்டடத்திலும் யாரோ ஒருவர் வீட்டில் அழுகை. முடிவெட்டும் கடை ஒரு வாரம் திறக்கவில்லை. அவருடைய அத்தை மகள் அந்த விமானத்தில் இருந்தார். திறந்த பிறகும் தொலைக்காட்சி பல நாள் அணைந்தே கிடந்தது.

யாங்கீஸ் அணியில் என்ரிக்கே வில்சன் என்று ஒரு டொமினிகன் வீரர். வென்றிருந்தால் நியூயார்க்கில் ஊர்வலம், கொண்டாட்டம், அதெல்லாம் முடிந்து ஊருக்குப் போக அவர் இடம் போட்டிருந்தது அந்த 587இல். தோற்றதால் முன்னாலேயே கிளம்பிவிட்டார். தோற்றது நல்லது, என் நண்பன் உயிரோடு இருக்கிறான் என்ற பொருளில் ரிவேரா பிறகு சொன்னார்.

அந்தச் செய்தியைக் கடைக்காரரிடம் சொன்னது நான்தான், அடுத்த வருடம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கழுத்தைத் துடைத்துவிட்டு, தொலைக்காட்சியைப் போட்டார்.

அக்டோபர் 29, இரவு 7.20

இதை எழுதியதிலிருந்து மனது அங்கேயே நிற்கிறது. கேள்வி கேட்டவருக்கு இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் 11 வருடம் புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இருந்தேன். மென்பொருள் எழுதுகிறவர்கள் பகலில் எழுதிவிட்டுப் போவார்கள். அது இரவு இரண்டு மணிக்கு நின்றால் போன் எனக்கு வரும். நூறு இரவு சரிசெய்தால் யாருக்கும் தெரியாது. காலையில் வந்தால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு இரவு நான் தப்பான சர்வரில் ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டேன். ஆறு மணி நேரம் சேவை நின்றது. அந்த ஒரு இரவை வைத்து இரண்டு வருடம் என்னை அடையாளம் சொன்னார்கள். எனக்குப் பெரிய காயம் அது. அதன் பிறகு ஒவ்வொரு முறை எண்டர் தட்டும்போதும் கை தயங்கியது. தயங்கியதால் மெதுவானேன், மெதுவானதால் இன்னும் தப்பு செய்தேன்.

க்ளோசர் வேலையை நான் உணர்ந்தது அப்போதுதான். 1997 பிளேஆஃபில் சாண்டி அலோமர் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்து, யாங்கீஸ் தொடரை இழக்க வழி திறந்தது யாரிடம் என்று ரசிகர்களுக்குத் தெரியும். 2001 தெரியும். 2004இல் பாஸ்டனில் கெவின் மில்லருக்கு நான்கு பால் (ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போன நான்கு பந்து) கொடுத்து முதல் பேஸுக்கு நடக்கவிட்டது, டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடியது, பில் மில்லர் சிங்கிள் எல்லாம் தெரியும். மூன்று ஆட்டம் முன்னிலையில் இருந்த யாங்கீஸ் அந்தத் தொடரையே தோற்றது. அந்தத் தொடர் தொடங்குவதற்கு முன்புதான் அவர் மனைவியின் சொந்தக்காரர்கள் இருவர் பனாமாவில் அவருடைய வீட்டு நீச்சல் குளத்தில் இறந்துபோனார்கள். இறுதிச் சடங்கை முடித்துவிட்டு விமானம் ஏறி வந்து முதல் ஆட்டத்தில் வீசினார்.

மற்ற அறுநூற்றுச் சொச்சத்தில் எத்தனையை உங்களால் சொல்ல முடியும்? என்னாலேயே இருபது சொல்ல முடியாது.

2005 ஏப்ரலில் பாஸ்டன் மைதானத்தில் அணிகளை அறிமுகம் செய்தபோது எதிரணி ரசிகர்கள் ரிவேராவுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். உன்னால்தான் நாங்கள் ஜெயித்தோம் என்ற கேலி. அவர் வாய்விட்டுச் சிரித்தார், தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அந்த வருட ஈ.ஆர்.ஏ. 1.38.

அக்டோபர் 31, காலை 6.30

நேற்றிரவு முடிந்தது. யாங்கீஸ் 5-0 முன்னிலையிலிருந்து 7-6 தோல்வி. டாட்ஜர்ஸ் கோப்பையை எடுத்துக்கொண்டது. இன்று பேச விருப்பமில்லை, ஒன்றை மட்டும் குறித்துவைக்கிறேன். கடைசி இன்னிங்ஸைப் போட்டு ஆட்டத்தை முடித்தது வாக்கர் ப்யூலர், ஒரு ஸ்டார்ட்டர். கேள்வி கேட்டவர் இதை எடுத்துக்காட்டாக வைத்து, பார், ஸ்டார்ட்டர் வந்து செய்துவிட்டாரே என்பார்.

ஒரு இரவு செய்யலாம். 2003 பிளேஆஃபின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனுக்கு எதிராக மைக் முசீனா தன் வாழ்க்கையில் முதல் முறையாக நடுவில் வந்து மூன்று இன்னிங்ஸ் ரன் விடாமல் வீசினார். அது இல்லாவிட்டால் அன்று யாங்கீஸ் இல்லை. அதே ஆட்டத்தில் ரிவேரா ஒன்பது, பத்து, பதினொன்று என்று மூன்று இன்னிங்ஸ் வீசினார். ஒரு இன்னிங்ஸ் ஆள் என்று சொல்பவர்கள் அந்த ஆட்டத்தைப் பாருங்கள். ஏரன் பூன் ஹோம் ரன் அடித்ததும் எல்லோரும் பூனை நோக்கி ஓடினார்கள். ரிவேரா மட்டும் பிட்ச்சர் நிற்கிற மண்மேடான மவுண்டுக்கு ஓடி, மண்ணில் குப்புற விழுந்து அழுதார்.

நவம்பர் 3, மாலை 4.00

"அவருக்கு மறதி அதிகம், அதனால்தான் க்ளோசர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். க்ளோசருக்கு ஞாபகசக்தி குறைவாக இருக்க வேண்டும் என்பது இந்த ஊரில் எல்லோரும் சொல்வது. நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். இப்போது நம்பவில்லை.

அவர் எதையும் மறந்த மாதிரி தெரியவில்லை. 2001 ஒன்பதாவது இன்னிங்ஸை யார் கேட்டாலும் ஒவ்வொரு பந்தாகச் சொல்வார். மறக்காமலேயே அடுத்த நாள் கையை அதே இடத்திலிருந்து கொண்டுவர முடிந்தது என்பதுதான் என்னை நிறுத்திவைக்கிறது. 1,283 இன்னிங்ஸில் அவர் நான்கு பால் கொடுத்து நடக்கவிட்டது 286 பேரை மட்டும். பயந்தவன் பந்தை வெளியே போடுவான். அவர் பிளேட்டின் ஓரத்தைத் தேடிக்கொண்டே இருந்தார். கையசைவு 26 வயதிலும் 43 வயதிலும் ஒரே மாதிரி இருக்கும், படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும்.

உடம்பு தனி, மனது தனி என்று முன்பு பிரித்துப் பேசியிருக்கிறேன். அது தப்பு என்று இப்போது படுகிறது. எனக்கு அந்த இரவுக்குப் பிறகு மனது சரியான பின்னும் கை தயங்கியது. அவருக்குக் கை தயங்கவில்லை. மனது எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 6, இரவு 11.15

2012 மே 3, கான்சஸ் சிட்டி. ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியில் பறந்து வருகிற பந்துகளைப் பிடிப்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்து பிடித்த விளையாட்டு. உண்மையில் சென்டர் ஃபீல்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. சுவருக்குப் பக்கத்தில் கால் மடங்கி முழங்கால் தசைநார் கிழிந்தது. 42 வயது. அடுத்த நாளே திரும்ப வருவேன் என்றார், வந்தார். 2013இல் 44 சேவ். கடைசி வருடம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டதால் போகிற ஊரெல்லாம் பரிசு. மினசோட்டா கொடுத்ததுதான் சிறந்தது: உடைந்த பேட்டுகளால் செய்த ஆடும் நாற்காலி.

செப்டம்பர் 26, யாங்கீ ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம். நான் போயிருந்தேன். கூட வேலை செய்தவரிடம் டிக்கெட் வாங்கி, வலப் பக்கம், ரிலீவர்கள் காத்திருக்கிற புல்பென்னுக்கு மேலே. கதவு திறந்து அவர் ஓடுவதைப் பின்னாலிருந்துதான் பார்த்தேன். முதுகில் 42. நவீன காலத்தில் பெரிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் எண். 1997இல் எல்லா அணிகளிலும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள், ஏற்கெனவே போட்டிருந்தவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடைசியாக மிஞ்சியவர் இவர். பிளேஆஃப் சேவ்களும் சரியாக 42.

அன்று காப்பாற்ற முன்னிலையே இல்லை. டாம்பா பே 4-0 முன்னால். யாங்கீஸ் பிளேஆஃபிலிருந்து ஏற்கெனவே வெளியே. எட்டாவதில் வந்து நான்கு பேரை வரிசையாக அவுட் ஆக்கினார். ஒன்பதாவதில் இரண்டு அவுட் ஆனதும் அவரை வெளியே அழைத்துப் போக பெஞ்சிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேலாளர் இல்லை, ஜீட்டரும் ஆண்டி பெட்டிட்டும். பெட்டிட்டின் தோளில் சாய்ந்து ரிவேரா ரொம்ப நேரம் அழுதார். அம்பயர்கள் அவசரப்படுத்தவில்லை, எதிரணி பெஞ்சும் எழுந்து நின்று கைதட்டியது.

எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி ஸ்பானிஷில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முடிவெட்டும் கடைக்காரர் ஞாபகம். அவர் 2010இலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ரிவேரா தனியாக வந்து, மவுண்டில் குனிந்து, கொஞ்சம் மண் அள்ளிக்கொண்டு போனார்.

நவம்பர் 9, காலை 9.05

கேள்வி கேட்டவர் நேற்று, "சரி, ஆனால் 100 சதவீதம் கொஞ்சம் அதிகம்தான்" என்று எழுதியிருக்கிறார். 2019இல் ஓட்டுப் போட்ட 425 பேரும் அவர் பெயரை எழுதினார்கள். அதற்கு முன் யாருக்கும் நடக்கவில்லை. கென் கிரிஃபி ஜூனியருக்கு 440இல் மூன்று குறைந்தது. வில்லி மேஸுக்குக் கிடைக்காததுதான். அது மேஸுக்கு ஓட்டுப் போடாதவர்களின் பிழை, இவருடையது இல்லை.

அந்த வருடம் அவரோடு சேர்ந்தவர்களைப் பாருங்கள். முசீனா. 478 சேவோடு ஒரு காலத்தில் அந்தச் சாதனையை வைத்திருந்த லீ ஸ்மித். ராய் ஹாலடே: 2008 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ரிவேராவிடம் கட்டரை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, விரல் படும் இடத்தைப் பேனாவால் பந்திலேயே வரைந்து வைத்துக்கொண்டார். எதிரணிக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தாயா என்று யாங்கீஸ் வீரர்கள் விளையாட்டாக ரிவேராவுக்கு அபராதம் போட்டார்கள். 2017இல் விமான விபத்தில் ஹாலடே இறந்துவிட்டதால் ஹால் ஆஃப் ஃபேம் விழா மேடையில் அவர் மனைவி பேசினார். அப்புறம் எட்கார் மார்ட்டினெஸ். ரிவேராவுக்கு எதிராக ஆடிய முறைகளில் பாதிக்கும் மேல் ஹிட் அடித்த ஒரே பெரிய பேட்டர். கட்டர் எங்கே வரும் என்று அவருக்கு மட்டும் எப்படியோ தெரிந்தது.

நவம்பர் 9, காலை 9.40

மேலே "ஒரே பெரிய பேட்டர்" என்று எழுதியது அதிகப்படி. மற்றவர்கள் கணக்கை நான் பார்க்கவில்லை. எட்கார் அவரை நன்றாக அடித்தார், அது மட்டும் உறுதி.